வண்டி நகரும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

சைரன் சத்தம் கேட்டதும் ஒதுங்கி வழி விடுகிறோம். உள்ளே இருப்பவர் விபத்தில் அடிபட்டவர் என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். சில வண்டிகளில் போகிறவர் அப்படியல்ல. ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தவர், அங்கே செய்ய முடியாத ஒரு சிகிச்சைக்காக இன்னொரு மருத்துவமனைக்குப் போகிறார். தொண்டையில் குழாய், மூச்சு கொடுக்க வென்டிலேட்டர், ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்துகள். கூடவே ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். அந்த இருவருக்கும் இந்தப் பயணத்துக்கென்றே தனிப் பயிற்சி வேண்டும். பல வருடமாக நான் சொல்லிவருவது இதைத்தான்.

வைத்தியம் நன்றாகத் தெரிந்தவருக்கு இது எதற்கு என்று கேட்பார்கள். வார்டில் ஆக்சிஜன் சுவரிலிருந்து வந்துகொண்டே இருக்கும். வண்டியில் சிலிண்டரில் இருப்பது மட்டும்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவரை அழைத்துப் போனேன். நாற்பது நிமிடப் பயணம். சிலிண்டர் முள் பச்சையில் நின்றது, சரி என்று கிளம்பிவிட்டேன். பாதி வழியில் லாரி ஒன்று கவிழ்ந்து சாலை அடைபட்டுக் கிடந்தது. வண்டி நகரவில்லை, முள் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. சிவப்பைத் தொடும்போது நர்ஸ் அக்கா குனிந்து, இருக்கைக்கு அடியில் வாரால் கட்டி வைத்திருந்த இன்னொரு சிலிண்டரை இழுத்தார். “கிளம்புறப்பவே கேட்டு வாங்கி வச்சேன் டாக்டர்” என்றார். அந்த நோயாளி பிழைத்தார்.

அன்றிலிருந்து நான் எடுக்கும் எந்த வகுப்பிலும் முதல் பாடம் ஆக்சிஜன் கணக்குதான். நிமிடத்துக்கு 10 லிட்டர் செலவு, பயணம் ஒரு மணி நேரம் என்றால் 600 லிட்டர். அதை இரண்டு மடங்காக்குங்கள், 1,200. சிறிய சிலிண்டர்களில் ஒரு வகை 340 லிட்டர் பிடிக்கும், அதாவது 34 நிமிடம். ஆகவே நான்கு வேண்டும். வண்டி ஓடும் நேரம் மட்டும் கணக்கல்ல. இந்தக் கட்டிலை விட்டு எடுப்பதிலிருந்து அந்தக் கட்டிலில் கிடத்தும்வரை கணக்கு. திரும்பவும் சொல்கிறேன், கட்டிலிலிருந்து கட்டில்வரை.

அப்புறம், வேகம். பஸ்ஸில் நிற்கும்போது பிரேக் போட்டால் முன்னால் சாய்கிறோம் இல்லையா? டிரைவர் பக்கம் தலை வைத்துப் படுத்திருப்பவரின் ரத்தமும் அப்படித்தான் தலைப்பக்கம் போகும். வண்டி திடீரென்று வேகமெடுத்தால் கால்பக்கம் போகும். நமக்கு ஒன்றும் ஆகாது. ரத்தம் இழந்தவருக்கு அழுத்தம் சரிந்துவிடும், தலையில் அடிபட்டவருக்கு மூளையில் அழுத்தம் ஏறும். அதனால் சீராக ஓட்டுவதே பெரிது. டிரைவரையும் வகுப்பில் உட்கார வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

வகுப்பு என்றால் பலகையில் எழுதிப் போடுவதல்ல. பொம்மை நோயாளியை வண்டியில் ஏற்றி நிஜமாகவே சாலையில் போகிறோம். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைத்தால் எஞ்சின் சத்தம்தான் கேட்கும். மூச்சுக்குழாய் இடத்தில் இருக்கிறதா என்பதைத் நோயாளி வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடைத் திரையில் காட்டும் அலையைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். நடுவில் மருந்து பம்பின் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அறிவிப்பேன். உடனே பெல்ட்டைக் கழற்றி எழுந்து நிற்பார்கள். அது தப்பு. முதலில் டிரைவரிடம் சொல்லி வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்ல வேண்டும், பிறகுதான் எழ வேண்டும். இது கைக்குப் பழக நாலைந்து முறையாவது ஆகும்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். நோயாளியை அந்த மருத்துவமனையில் ஒப்படைப்பதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போய்ச் சேர்ந்ததும் ஆளுக்கொரு குழாயைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசாதீர்கள். நோயாளி அந்த நொடியில் ஆபத்தில் இல்லையென்றால், ஒரு நிமிடம் எல்லோர் கையும் நிற்கட்டும். ஒருவர் சொல்லட்டும், மற்றவர் கேட்கட்டும். எந்த மருந்து எவ்வளவு ஓடுகிறது, வழியில் என்ன மாறியது என்று சொல்லுங்கள். வீட்டார் பின்னால் வேறொரு வண்டியில் வந்துகொண்டிருப்பார்கள். அவர்களை எந்த வாசலுக்கு வரச் சொல்லியிருக்கிறீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.