மேட்டூர் நீர்மட்டமும் நடுராத்திரிக் கைப்பேசியும்

(காவிரிப் படுகையில் ஒரு பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: 'அன்றாட ஊடகம் மனிதருக்குத் தருவது நிம்மதியா, நெருக்கடியா?' இது 'நெருக்கடியே' அணியின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் சொல்வல்லவர்களே, மார்கழிப் பனி இன்னும் விடாத இந்த ராத்திரியில் திடலில் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, வணக்கம்.

எதிரணித் தலைவர் மூன்று காரணம் அடுக்கிவிட்டு அமர்ந்தார். தஞ்சை விவசாயிக்கு ஏடிடீ 27 நெல்லைக் கொண்டுவந்து சேர்த்தது வானொலி என்றார். கஜா புயல் வருவதை முன்கூட்டியே சொன்னது தொலைக்காட்சி என்றார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளையின் முகத்தை மன்னார்குடியில் இருந்தபடி தாய் பார்க்கிறாளே, அது நிம்மதி இல்லையா என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மூன்றும் உண்மைதான் நடுவர் அவர்களே. மூன்றும் எங்கள் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கின்றன.

முதலில் அந்த நெல். 1960-களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த குறுகிய கால ரகம் ஏடிடீ 27. திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சியில் அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே சனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்த நிகழ்ச்சி எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று கேட்பவருக்குத் தெரியும். முடிந்ததும் பெட்டியை அணைப்பார். கேட்டதில் ஒரு வேலையும் கைக்கு மிஞ்சும்: விதை வாங்க வேண்டும், நாற்றங்கால் தயார் பண்ண வேண்டும். இன்றைக்குக் கையில் இருக்கிற திரை முடிவதும் இல்லை, பார்த்து முடித்தவருக்குச் செய்ய ஒரு வேலையைக் கொடுப்பதும் இல்லை. நெருக்கடி இந்த இடத்தில்தான் பிறக்கிறது என்கிறோம்.

மேட்டூர் நீர்மட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அணையை வழக்கமாகத் திறக்கும் நாளான ஜூன் 12 நெருங்க நெருங்க, குறுவை நெல் போடுகிறவருக்கு வயிற்றில் புளி கரையும். அவருக்கு வேண்டியது நான்கே எண்: அணையின் மட்டம், இருப்பு, நீர்வரத்து, திறப்பு. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். செய்தித்தாளில் இது ஒரு சின்னப் பத்தி. டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். கைப்பேசியில் இதே நான்கு எண் எப்படி வருகிறது? 'டெல்டா விவசாயிகள் அதிர்ச்சி' என்று ஒரு படம். 'மேட்டூரில் நடந்தது என்ன' என்று இன்னொன்று. 'கடைசி நேரத் திருப்பம்' என்று மற்றொன்று. எட்டு நிமிடப் படத்தில் அந்த எண் ஏழாவது நிமிடத்தில்தான் வாய் திறக்கும். முடிந்த கையோடு அடுத்தது தானாக ஓடும். இப்படியே ராத்திரி பதினொரு மணிக்கு ஆறாவது தடவையாகப் பார்க்கிறவருக்கு அணையில் ஒரு சொட்டு கூடியிருக்கிறதா? அய்யா, மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரவே மூன்று நான்கு நாள் பிடிக்கும். கடைமடைக்கு அதற்கு மேலும் எத்தனையோ நாள். தண்ணீர் அதன் நடையில்தான் வரும். அதற்கு முன்னால் ஓடி வருவது கவலை ஒன்றுதான்.

பந்தியில் சாப்பிட்டவர் இலையை மடித்துவிட்டால், சாம்பார் வாளியோடு நிற்பவர் அடுத்த ஆளிடம் நகர்ந்துவிடுவார். கைப்பேசியில் மடிப்பதற்கு இலையே கிடையாது. அது தானாக நேர்ந்த காரியமும் இல்லை. முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் 'அடுத்த பக்கம்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்துகிற அந்த ஒரு நொடியில் 'போதுமே' என்று தோன்ற இடம் இருந்தது. 2006-இல் ஏசா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், பொத்தானே இல்லாமல் கீழே கீழே வந்துகொண்டே இருக்கும் முறையை உருவாக்கினார். பிற்காலத்தில் அதற்காக வருந்துவதாக அவரே வெளிப்படையாகப் பேசினார். செய்தவர் வருந்துகிறார், எதிரணி நன்றி சொல்கிறது!

அடுத்து கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்த புயல். முன்னறிவிப்பு உயிர்களைக் காப்பாற்றும், அதில் நமக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் முன்னறிவிப்பு எத்தனை மணிக்கு ஒரு தரம் வருகிறது? தாழ்வு மண்டலம் புயலாக மாறிய பிறகு வானிலைத் துறை வழக்கமாக மூன்று மணி நேரத்துக்கு ஒரு அறிக்கை விடும். கரை நெருங்கும்போது இன்னும் அடிக்கடி விடும். ஒரு அறிக்கைக்கும் அடுத்த அறிக்கைக்கும் நடுவில் 180 நிமிடம். அந்த 180 நிமிடத்தையும் நிரப்பியாக வேண்டிய கட்டாயம் தொலைக்காட்சிக்கு இருக்கிறது. அதனால்தான் மழைக்கோட்டு மாட்டிய ஒரு தம்பி கடற்கரையில் நின்று, 'காற்று பலமாக வீசுகிறது' என்று நமக்குக் காற்றைக் காட்டிக்கொண்டே இருக்கிறார். பாவம், அவரைக் குறை சொல்லவில்லை.

பார்க்கத் தெரிந்தவர் என்ன செய்வார்? அறிக்கை வந்ததும் நான்கு சங்கதியைக் குறித்துக்கொள்வார். புயல் எங்கே நிற்கிறது, எந்த இடத்தில் எத்தனை மணிக்குக் கரை கடக்கும், காற்று மணிக்கு எத்தனை கிலோமீட்டர், நம் மாவட்டத்துக்கு என்ன நிற எச்சரிக்கை. 'கனமழை' என்றால் ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர், 'மிக கனமழை' என்றால் 12 முதல் 20, 'அதி கனமழை' என்றால் 20-க்கு மேல் என்று தெரிந்திருந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் நடுங்குவதைப் பார்த்து நாம் நடுங்க வேண்டியதில்லை. குறித்தாயிற்றா, திரையை அணைத்துவிட்டு மாட்டை அவிழ்த்துக் கட்டப் போகலாம், ஓட்டின் மேல் கயிறு போடப் போகலாம். கஜாவில் மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மழைக்கோட்டுத் தம்பியைப் பார்த்தே சார்ஜ் தீர்த்தவர், விடிந்த பிறகு அக்கா வீட்டுக்குப் போன் போட முடியாது.

மனசுக்கு என்ன ஆகிறது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. 2013-இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அடுத்த வாரம் முழுக்க நாள்தோறும் ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அந்தச் செய்தியில் மூழ்கியிருந்தவர்கள், குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிட அதிக மன அழுத்தத்தைத் தெரிவித்தார்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வு, அவர்களுக்கு முன்பே இருந்த மனநலச் சிக்கல்களையும் கணக்கில் எடுத்த பிறகுதான் இதைச் சொன்னது. காரணம் புரியாதது இல்லை. இடத்தில் இருந்தவர் ஒரு முறை பார்த்தார், வீட்டில் இருந்தவர் நூறு முறை பார்த்தார். ஒவ்வொரு முறையும் நெஞ்சு படபடக்கிறது, உடம்பு ஓடத் தயாராகிறது. சோபாவில் உட்கார்ந்திருப்பவர் எங்கே ஓடுவார்?

வாட்ஸ்அப்புக்கு வருகிறேன். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பு மேலணையில் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டது உண்மை. அந்தக் காட்சி அடுத்த ஐப்பசியில் தேதி இல்லாமல் வந்தால் அது உண்மையா, புரளியா? படம் உண்மை, நாள் பொய். கூடவே பேர் சொல்லாத ஒருவரின் குரல் வரும்: 'கரை உடைஞ்சிருச்சு, எல்லாருக்கும் உடனே அனுப்புங்க.' செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். பல கை மாறி வந்தது என்று அதற்கு அர்த்தம். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2020 ஏப்ரலில் அந்த நிறுவனமே கட்டுப்பாடு போட்டது. சொன்னவர் பேர், ஊர், தேதி மூன்றும் இல்லாத குரல்பதிவை அனுப்பாதீர்கள். கரையைப் பற்றிய சந்தேகம் என்றால் கிராம நிர்வாக அலுவலருக்குப் போன் போடுங்கள். புரளி பொய் என்று காலையில் தெரியும்போது அந்த ராத்திரித் தூக்கம் திரும்பி வராது.

தூக்கம் என்றதும் எதிரணி 'நீல வெளிச்சம், கண்ணாடி போட்டால் சரி' என்று சொல்லும். வெளிச்சம் தூக்கத்தை வரவழைக்கும் ஹார்மோனான மெலடோனினைத் தள்ளிப்போடுவது மெய்தான். அதைவிடப் பெரிய கள்ளன், பார்க்கிற சங்கதி. திரையை மஞ்சளாக்கிக்கொண்டு இரண்டு கட்சிக்காரர்களின் சண்டையைப் பார்த்தால், வெளிச்சம் இதமாக இருக்கும், மண்டை கொதிக்கும்.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு நல்ல செய்தி. பட்டிமன்றம் என்றால் சீரியலைத் திட்ட வேண்டும் என்று ஒரு சம்பிரதாயம். நான் திட்டப் போவதில்லை. சீரியல் அரை மணி நேரத்தில் முடிகிறது. 'தொடரும்' என்று போட்டுவிட்டு நாளைக்கு வரச் சொல்கிறது. நடுவில் விளம்பரம் வந்தால் எழுந்து போய் அடுப்பைப் பார்க்கலாம். நான்கு பேர் சேர்ந்து பார்த்து மாமியாரைத் திட்டலாம். தனியாகப் படுத்துக்கொண்டு, முப்பது நொடிக்கு ஒரு முகமாக ரீல்ஸ் தள்ளுவதைவிட அது எவ்வளவோ தேவலை.

ஆனால் ஒரு காரியத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிள்ளைக்குச் சோறு ஊட்டக் கைப்பேசியைக் காட்டாதீர்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. படம் பார்க்கிற பிள்ளை வயிறு நிரம்பியதைக் கவனிக்காது, மெல்லாமல் விழுங்கும். 'இது என்ன, கத்திரிக்காயா' என்று அம்மா கேட்க, அது மழலையில் பதில் சொல்கிற பேச்சும் அந்த அரை மணியில் நடக்காது. நிறுத்துகிற முதல் சில நாள் அடம் பிடிக்கும், ஒரு வேளை குறைவாகச் சாப்பிடும். அந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகள் தோற்கின்றன. பசித்தால் அடுத்த வேளை சாப்பிட்டுக்கொள்ளும், விடுங்கள்.

சிங்கப்பூர்ப் பிள்ளையை மறக்கவில்லை. தாயும் மகனும் முகம் பார்த்துப் பேசுவதை யார் நெருக்கடி என்பார்கள்? அதற்குப் பேச ஆள் உண்டு, 'வெச்சிடட்டுமா அம்மா' என்று ஒரு முடிவும் உண்டு. பேச்சு முடிந்த மறு நொடி கட்டைவிரல் ஸ்டேட்டஸ் பக்கம் போகிறதே, யார் வீட்டுக் கிரகப்பிரவேசம், யார் பெண்ணுக்கு எத்தனை பவுன் என்று, என் வழக்கு அந்த விரலின் மேல்தான்.

'எல்லாம் நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, மனவுறுதி போதும்' என்று எதிரணியில் ஒருவர் சொன்னார். உறுதியை நம்பி இறங்கியவர்களுக்கு என்ன நடக்கிறது தெரியுமா? செயலிக்கு அரை மணி நேரக் கெடு வைப்பார்கள். கெடு முடிந்ததும் அமைப்புக்குள் போய் அதைத் தூக்கிவிடுவார்கள். இரண்டு தட்டு, வேலை முடிந்தது. திரையைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பார்கள். நம் ஊரில் அது வேறு சிக்கல்: நெல் இலையைப் படம் எடுத்து வேளாண் அலுவலருக்கு அனுப்பும்போது, குலைநோய்ப் புள்ளியா பாக்டீரியா இலைக்கருகலா என்று பார்க்க நிறம் வேண்டும். உருப்படியாக வேலை செய்வது தூரம்தான். சார்ஜரைப் படுக்கை அறையிலிருந்து எடுத்து அடுப்படியில் சொருகுங்கள். 'அலாரத்துக்கு வேணுமே' என்ற சாக்கு வரும். ஒரு டைம்பீஸ் வாங்கி வைத்தால் அந்தச் சாக்கு போகும். வாட்ஸ்அப் குழுக்களில் குடும்பமும் பாசன சங்கமும் தவிர மற்றதை 'எப்போதும்' என்று ம்யூட் பண்ணுங்கள். எட்டு மணி நேரம் என்று போட்டால் விடிந்ததும் திரும்ப முழிக்கும். படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். யூடியூபில் தானாக ஓடுவதை அணைத்து, பார்த்த வரலாற்றை அழித்து அதையும் நிறுத்திவைத்தால் முகப்புப் பக்கம் வெறிச்சென்று ஆகிவிடும். தேடினால்தான் படம் வரும். மேட்டூர் என்று தேடுங்கள், பாருங்கள், வெளியே வாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் பிடிக்கவில்லை, எதிலும் நாட்டம் இல்லை என்றால் அது கைப்பேசி அமைப்பில் தீராது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள், அது அரசின் மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

நடுவர் மணி மேல் கை வைத்துவிட்டார். எனக்கு அடுத்து எதிரணியிலிருந்து ஓர் அம்மா பேச வருகிறார்கள். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. யூடியூபும் இன்ஸ்டாகிராமும் தங்கள் செயலிக்குள்ளேயே 'கொஞ்சம் ஓய்வெடுங்கள்' என்று நினைவூட்டும் வசதியை வைத்திருக்கின்றன. தருவது நிம்மதிதான் என்றால், அம்மா, அதிலிருந்து ஓய்வெடுக்கச் சொல்லி அவர்களே ஏன் நினைவூட்டுகிறார்கள்?

நன்றி, வணக்கம்.