ஆசிலேட்டர் ஓடுகிறதா?

நேயர்களுக்கு வணக்கம். பரணிலிருந்து பழைய வால்வு ரேடியோவை இறக்கிப் பழுது பார்க்கும் பலர் ஓர் இடத்தில் வந்து திகைத்து நிற்கிறார்கள். வால்வுகள் எரிகின்றன, டயல் விளக்கும் எரிகிறது, வால்யூமைக் கூட்டினால் ஸ்பீக்கர் லேசாக இரைகிறது. ஆனால் முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்த்தினாலும் ஒரு நிலையம்கூட வருவதில்லை. இப்படி இருந்தால், ரேடியோவுக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கும் பகுதியான லோக்கல் ஆசிலேட்டரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

1918இல் ஆர்ம்ஸ்ட்ராங் வகுத்த சூப்பர்ஹெட் முறைதான் இந்த செட்டுகளில் இருக்கிறது. திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸைப் பிடிக்க, ரேடியோவுக்குள்ளேயே 1391 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலை உற்பத்தியாக வேண்டும். இரண்டும் கலந்தால் கிடைக்கும் வித்தியாசமான 455தான் அடுத்த கட்டங்களுக்குப் போகிறது. உள்ளே அந்த அலை பிறக்கவில்லை என்றால் ஏரியல் எவ்வளவு நீளமாக இருந்தும் பயனில்லை.

அது பிறக்கிறதா என்று பார்க்க செட்டைக் கழற்றவே வேண்டாம். ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பக்கத்தில் வைத்து 1391 அருகே ட்யூன் செய்யுங்கள். பிறகு வால்வு செட்டின் முள்ளை 936ஐ ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். ஆசிலேட்டர் ஓடினால் டிரான்சிஸ்டரின் இரைச்சல் ஓரிடத்தில் சட்டென்று அடங்கும். அங்கே வேறு நிலையம் இருந்தால் விசில் சத்தம் கேட்கும். ஒன்றுமே நடக்கவில்லை என்றால்தான் பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டான சேசிஸை வெளியே எடுக்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். உள்ளே 250 வோல்ட் வரை இருக்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும், அதை ரெசிஸ்டர் வழியாக வடிக்காமல் கை வைக்காதீர்கள். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி-டிசி செட்டுகளில் சேசிஸிலேயே வீட்டு மின்சாரம் பாயலாம்.

நிறைய செட்டுகளில் இந்த வேலையைச் செய்யும் ஈசிஎச்81 வால்வையே எடுத்துக்கொள்வோம். அதன் ஒன்பதாம் பின் ஆசிலேட்டரின் கட்டுப்பாட்டு முனையான கிரிட், எட்டாம் பின் உயர் வோல்டேஜ் வரும் முனையான ஆனோடு. மீட்டர் முனையில் ஒரு லட்சம் ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்து கிரிட்டைத் தொடுங்கள். அது இல்லாமல் தொட்டால் மீட்டர் வயரே ஆசிலேட்டரை நிறுத்திவிடலாம். நன்றாக ஓடும் செட்டில் மைனஸ் ஒன்பது வோல்ட்டை ஒட்டிக் காட்டும். பூஜ்யம் காட்டினால் ஓடவில்லை என்று பொருள்.

அப்புறம் ஆனோடைப் பாருங்கள். அங்கே வோல்டேஜே இல்லையா? ஆனோடு ரெசிஸ்டரோ காயிலோ அறுந்திருக்கும். மெல்லிய காயில் கம்பி சால்டர் செய்த இடத்தில் பச்சை பூத்து அறுவது சாதாரணம், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எச்டி எனப்படும் முழு உயர் வோல்டேஜும் அப்படியே நிற்கிறதா? வால்வு வழியாக மின்னோட்டம் போகவில்லை. வால்வையும் சாக்கெட்டையும் பார்க்க வேண்டும். ஆனோடில் ஓரளவு வோல்டேஜ் இருந்தும் கிரிட் பூஜ்யம் என்றால் அலைவரிசை மாற்றும் பேண்ட் சுவிட்சில்தான் என் கண் போகும். கான்டாக்ட்டுகளில் கறுப்பு படிந்திருந்தால் க்ளீனரில் நனைத்த காகிதத் துண்டை இடையில் விட்டு இழுங்கள், பலமுறை பழுது அதோடு தீர்ந்துவிடும்.

பாதி டயல் மட்டும் பேசும் செட்டுகளும் உண்டு. 1000க்கு மேலே நிலையங்கள் வரும், 700க்குக் கீழே மௌனம். முள்ளோடு சேர்ந்து சுழலும் கேங் கண்டன்சரின் தகடுகள் முழுதாக உள்ளே போகும்போது ஆசிலேட்டரைத் தக்கவைப்பது கடினம். வால்வு தளர்ந்திருந்தாலோ, 33 ஆயிரம் ஓம் ஆனோடு ரெசிஸ்டர் வயதாகி 60 ஆயிரத்துக்கு ஏறியிருந்தாலோ முதலில் அங்கேதான் நிற்கும். ரெசிஸ்டரை அளந்துவிட்டுப் பிறகு வால்வை மாற்றுங்கள். நல்ல வால்வு இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை. குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கரகரத்து நின்றால் கேங் தகடுகள் உரசுகின்றன.

நிலையங்களை டயலில் இடம் பொருத்தும் திருகான ட்ரிம்மரை இதில் எங்கேயும் திருகச் சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள். ஆசிலேட்டர் ஓடாதபோது திருகினால், பழுது நீங்கிய பிறகும் நிலையங்கள் இடம் மாறி நிற்கும். அது ஓடத் தொடங்கி, செட் அரை மணி நேரம் சூடான பிறகும் நிலையம் டயலில் தள்ளி விழுந்தால் மட்டும் ட்ரிம்மரைத் தொடுங்கள். டயலின் கீழ்க்கோடியை பேடர் என்ற இன்னொரு திருகிலோ காயிலுக்குள் இருக்கும் கோரிலோ திருத்துங்கள், மேல்கோடியை ட்ரிம்மரில். ஒன்றைத் திருத்தினால் மற்றது சற்று நகரும், அதனால் இரண்டும் பொருந்தும் வரை மாறி மாறிச் செய்யுங்கள். வணக்கம்.