சலவைக் கூடையிலிருந்து காணாமல்போன இரவு உடை

நண்பர்களே, நேரே சலவைக் கூடைக்கு வந்துவிடுகிறேன். இங்கிலாந்தின் கிராமத்து மாளிகையில் நடக்கும் கொலைக் கதை என்றால் நாம் கத்தியைத் தேடுவோம், விஷக் குப்பியைத் தேடுவோம். 1860-இல் அங்கே ரோட் ஹில் மாளிகையில் நிஜமாகவே நடந்த கொலையில் துப்பு கிடைத்தது சலவைக் கணக்கில்.

ஜூன் 29, வெள்ளிக்கிழமை இரவு அந்த வீட்டில் படுத்தவர்கள் 12 பேர். விடிந்தபோது, வீட்டுக்காரரின் மகன், நான்கு வயது நிரம்பாத சாவில் கென்ட் படுக்கையில் இல்லை. தோட்டத்துக் கழிப்பறைக் குழியில் கழுத்து அறுபட்டுக் கிடந்தான். வரவேற்பறை ஜன்னல் திறந்திருந்தது. வெளியாள் வந்துபோனதாக நினைக்க வைக்கும் ஜன்னல்.

இரண்டு வாரம் கழித்து லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டிலிருந்து துப்பறிவாளர் ஜாக் விச்சர் வந்தார். வந்தவர் துணிகளை எண்ணினார். வீட்டுக்காரரின் மூத்த தாரத்து மகள் கான்ஸ்டன்ஸுக்கு வயது 16. அவளுடைய இரவு உடைகள் மூன்று, இருந்தவை இரண்டு. சலவையில் தொலைந்தது என்றார்கள். அது கூடையில் போனதாகத்தான் கணக்கும் சொன்னது. சலவைக்காரியோ, கூடையில் அது இல்லவே இல்லை என்றாள்.

விச்சர் ஊகித்ததை நிதானமாகக் கேளுங்கள். கறைபட்ட உடையை அழித்தாயிற்று. எண்ணிக்கையில் ஒன்று இடிக்கும். திங்கட்கிழமை பணிப்பெண் கறையில்லாத வேறோர் உடையைக் கணக்கில் சேர்த்துக் கூடையில் போடுகிறாள். கான்ஸ்டன்ஸ் அவளைத் தண்ணீர் கொண்டுவரக் கீழே அனுப்புகிறாள். அவள் திரும்புவதற்குள் அந்த உடை கூடையிலிருந்து வெளியே வந்துவிடுகிறது. இனி குறைகிற ஒன்றுக்கு சலவைக்காரிதான் பதில் சொல்ல வேண்டும்! மாளிகை மர்மம் எழுத நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் எந்தக் கிழமை என்ன வேலை, யார் எதை எண்ணுகிறார்கள் என்று முதலில் எழுதி வையுங்கள்.

உள்ளூர் போலீஸ் முதல் நாளே சமையலறை அடுப்புக்கடியில் இரத்தக்கறை படிந்த உள்ளுடை ஒன்றைக் கண்டெடுத்தது. எடுக்க வருபவரைப் பிடிக்கலாம் என்று திரும்ப அங்கேயே வைத்தார்கள், கோட்டை விட்டார்கள். விச்சரிடம் மூச்சுக்கூட விடவில்லை. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஜூலை 20-இல் விச்சர் கான்ஸ்டன்ஸைக் கைது செய்தார். கையில் உடை இல்லை, விடுதலையாகிப் போனாள். கனவான் வீட்டுப் பெண்ணின் துணியை ஒரு போலீஸ்காரர் எண்ணுவதா என்று பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. 1865-இல் அவளே குற்றத்தை ஒப்புக்கொண்டாள். உடையை எரித்துவிட்டதையும் சொன்னாள். மரண தண்டனை ஆயுள் தண்டனையானது. 20 ஆண்டுகள் சிறையில் இருந்தாள். அவள் வாய் திறப்பதற்கு முந்தைய ஆண்டே விச்சர் வேலையிலிருந்து விலகியிருந்தார்.