மரநிழலுக்கு மதிப்பெண் உண்டா?

அவையோருக்கு வணக்கம்.

கூட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவி என்னிடம் வந்து கேட்டார். "ஐயா, எனக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று தரவரிசையில் மேலே இருக்கிறது. இன்னொன்று பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது. வீட்டில் சொன்னால், கட்டடத்தையா படிக்கப் போகிறாய் என்று கேட்கிறார்கள். நான் நினைப்பது தவறா?" எழுதி எடுத்து வந்த உரையை மடித்து வைத்துவிட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் சொல்லப் போகிறேன்.

தவறே இல்லை அம்மா. நீங்கள் அங்கே மூன்று, நான்கு ஆண்டுகள் இருக்கப் போகிறீர்கள். இருக்கப் போகிற இடம் மனத்துக்குப் பிடிக்க வேண்டும் என்று நினைப்பது ஆடம்பரம் அல்ல. 1984இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஒரு மருத்துவமனையின் பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே வகை அறுவை சிகிச்சைதான். சன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்த படுக்கையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த படுக்கையில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஒரு சில நாள் படுத்திருப்பவருக்கே இந்த வேறுபாடு என்றால், ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து படிப்பவருக்கு இருக்காதா?

சரி, தரவரிசை என்ன சொல்கிறது? அது எதை எண்ணுகிறது என்று கேட்காமல் அந்த எண்ணை நம்பக் கூடாது. அமெரிக்காவில் ஒரு செய்தி இதழ் 1983இல் வெளியிட்ட முதல் பட்டியல், கல்லூரித் தலைவர்களின் அபிப்பிராயத்தை மட்டுமே கேட்டுத் தயாரானது. 2003இல் தொடங்கிய ஷாங்காய் பட்டியலில் 30 விழுக்காடு, முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்ற நோபல் பரிசுகளுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கங்களுக்கும் போகிறது. ஆராய்ச்சியின் உயரத்தை அளக்க அது உதவும். முதலாம் ஆண்டு மாணவியின் சந்தேகத்தை யார் பொறுமையாகத் தீர்த்து வைப்பார் என்பதை அது எப்படிச் சொல்லும்?

2022இல் நடந்ததைப் பாருங்கள். அதே அமெரிக்க இதழின் பட்டியலுக்குக் கொலம்பியா பல்கலைக்கழகம் அனுப்பிய விவரங்கள் சரியில்லை என்று அதன் கணிதப் பேராசிரியர் ஒருவரே எழுதினார். வகுப்புகளின் அளவு, ஆசிரியர்களின் தகுதி பற்றிய புள்ளிவிவரங்களில் பிழை இருந்ததைப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டது. இரண்டாம் இடத்தில் இருந்த அது, அடுத்த பட்டியலில் பதினெட்டாம் இடத்துக்கு இறங்கியது. அங்கே ஒரு செங்கல் பெயரவில்லை. பாடம் நடத்தியவர்கள் முந்தைய ஆண்டு நடத்தியவர்கள்தாம். காகிதத்தில் எண் மாறியது, அவ்வளவுதான்.

அதற்காகக் கண்ணை மட்டும் நம்பிவிடலாமா? அதுவும் கூடாது. யூரி சைமன்சோன் என்பவர் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். படிப்பில் கடுமையானது என்று பெயர் பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தை மேகமூட்டமான நாளில் சுற்றிப் பார்த்தவர்கள், வெயில் நாளில் பார்த்தவர்களைவிட அங்கே சேர அதிகம் விரும்பினார்களாம். வானம் இருண்டிருந்தால் உள்ளே உட்கார்ந்து படிப்பது இன்பமாகத் தோன்றுகிறது போலும். வாழ்க்கையின் பெரிய முடிவு ஒன்றை ஒரு மேகம் அசைக்கிறது என்றால், ஒரு தடவை பார்த்துவிட்டு எப்படி முடிவெடுப்பது? இரண்டு தடவை போங்கள். வரவேற்பு வளைவு கட்டியிருக்கும் நாளில் போகாதீர்கள். சாதாரண வேலை நாளில், பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள்.

போய் எதைப் பார்ப்பது? முகப்புக் கட்டடத்தையும் நீரூற்றையும் ஒரு நிமிடம் பார்த்தால் போதும். நேரே நூலகத்துக்குள் செல்லுங்கள். நான் பல ஆண்டுகள் பாடம் நடத்திய ஓர் இடத்தில், நூலகச் சன்னலோரம் ஒரு பழைய மேசை இருந்தது. தலைமுறை தலைமுறையாக முழங்கைகள் ஊன்றி ஊன்றி அதன் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. புத்தம் புதிய மேசைகள் காலியாகக் கிடக்கும். அந்த ஒன்றுக்குக் காலையிலேயே இடம் பிடிப்பார்கள். பக்கவாட்டு வெளிச்சம், வெளியே ஒரு மரம், காற்று. எந்தப் படிவத்திலும் அந்த மேசைக்குக் கட்டம் கிடையாது.

இன்னோர் இடத்தில் ஆய்வகத்தைப் பெருமையோடு காட்டினார்கள். நுண்ணோக்கிகள் வரிசையாக இருந்தன, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். எனக்கு நெஞ்சு வலித்தது. பிள்ளைகள் கை படாத கருவி எதற்கு?

பிறகு கழிவறைக்குப் போய்ப் பாருங்கள். சொல்லக் கூச்சப்படுவதில்லை நான். தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்பது, மாணவரை அந்த நிர்வாகம் எப்படி மதிக்கிறது என்பதை விளம்பரப் புத்தகத்தைவிட நேர்மையாகச் சொல்லும். படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்தளம் உண்டா, மின்தூக்கி ஓடுகிறதா என்றும் பாருங்கள். இந்தியாவின் தேசிய நிறுவனத் தரவரிசை, மாற்றுத்திறன் மாணவர்களுக்கான வசதிகளுக்கு மதிப்பெண் வைத்திருக்கிறது. அது நல்ல காரியம். ஆனால் அந்தச் சாய்தளத்தில் சக்கர நாற்காலி ஒன்று தடையில்லாமல் ஏறுகிறதா என்பதை நேரில்தான் பார்க்க முடியும்.

அப்புறம், அங்கே படிக்கிற ஒருவரிடம் பேசுங்கள் அம்மா. வழிகாட்டியாக நியமிக்கப்பட்டவரிடம் அல்ல, மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருப்பவரிடம். "வகுப்பு முடிந்ததும் ஏன் இங்கேயே இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை வீட்டுக்கு எடுத்துப் போய், உங்கள் அப்பா அம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள்.