ஆஃபர் லெட்டர் வந்தாச்சு, சம்பளம் எப்படிப் பேசுவது?

[காட்சி: மதுரை இலந்தைக்குளம், எல்காட் ஐடி பூங்கா வாசல், காலை நேரம்]

வணக்கம். இன்டர்வியூ முடிந்து, ஆஃபர் லெட்டரும் மெயிலில் வந்துவிட்டது என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள்.

என் முதல் வேலைக்கு நான் பொறுக்கவில்லை. "வந்த வேலைய விட்டுறாதய்யா" என்று அம்மா சொன்னதும், போனிலேயே "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டேன். என்னோடு அதே நாளில், அதே வேலைக்குச் சேர்ந்தவருக்கு மாதம் 2,000 ரூபாய் அதிகம் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். ஆண்டுக்கு 8 சதவீத உயர்வு என்று வைத்துக்கொண்டால், அந்த 2,000 ஐந்து வருடத்தில் 1,40,000 ரூபாயைத் தாண்டிவிடும். உயர்வு எல்லாம் முதல் சம்பளத்தின் மேல்தானே ஏறுகிறது!

[திரையில்: வெள்ளைத்தாளில் பேனாவால் எழுதும் கை]

முதலில் கணக்கு. லெட்டரில் சிடிசி, அதாவது கம்பெனி உங்களுக்காக ஒரு வருடத்தில் செலவு செய்யும் மொத்தத் தொகை, 4,20,000 என்று இருக்கிறது. மாதம் 35,000 வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அதில் 10 சதவீதம் வேரியபிள், அதாவது வேலைத்திறனைப் பார்த்துப் பிறகு தரும் தொகை என்றால், 3,500 போய்விட்டது. மீதி 31,500. கம்பெனி கட்டும் பிஎஃப் 1,800, கிராஜுவிட்டிக்கு (வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை) 840 ரூபாய், இரண்டும் சிடிசிக்குள்ளேயே அடக்கம். உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 1,800. கைக்கு வருவது 27,000 சொச்சம். தொழில் வரி பிடிக்கும் மாதத்தில் இன்னும் கொஞ்சம் குறையும். பிஎஃப் உங்கள் சேமிப்புதான், எங்கும் போகாது. ஆனால் வீட்டு வாடகையை அதை வைத்துக் கொடுக்க முடியாது. அதனால் ஹெச்ஆரிடம் முதலில் கேட்க வேண்டியது, "மாசம் கைக்கு எவ்வளவு வரும் மேடம்?" என்பதுதான்.

அப்புறம் உங்கள் தொகை. "கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்று கேட்டால் கொஞ்சம்தான் கிடைக்கும், சில நேரம் அதுவும் கிடைக்காது. ஒரு எண்ணைச் சொல்லுங்கள், கூடவே காரணத்தையும் சொல்லுங்கள். வீட்டுக் கடன், தங்கச்சி கல்யாணம் எல்லாம் உண்மையான பாரம்தான். ஆனால் ஹெச்ஆர் தன் மேலாளரிடம் கொண்டுபோய்ச் சொல்லக்கூடிய காரணம் உங்கள் வேலையில்தான் இருக்கிறது.

[காட்சி: மாட்டுத்தாவணி டீக்கடை பெஞ்சில், போனில் பேசும் இளம்பெண்]

நம் ஊரில் கட்டாயம் வரும் கேள்வி ஒன்று உண்டு: "மதுரைக்கு இது நல்ல சம்பளம்தானே?" இங்கேதான் நிறையப் பேர் வாயடைத்துப் போகிறார்கள். வாடகை சென்னையை விட இங்கே குறைவுதான், அதை மறுக்க வேண்டாம். இப்படிச் சொல்லலாம்:

"உண்மைதாங்க மேடம். ஆனா சென்னை டீம் செய்யற அதே வேலைதான் இங்கயும். இந்த வேலையில எனக்கு இரண்டு வருஷ அனுபவம் இருக்கு. சிடிசி 4,80,000 எதிர்பார்க்கிறேன். உங்க கம்பெனியில சேரணும்னு எனக்கு விருப்பம்தான்."

சொல்லிவிட்டு நிறுத்துங்கள். எதிர்முனையில் ஐந்து விநாடி சத்தமே இருக்காது. அந்த ஐந்து விநாடி தாங்க முடியாமல், "இல்லன்னா பரவாயில்லங்க, 4,20,000-ன்னாலும் ஓகே" என்று நாமே இறங்கிவிடுகிறோம். இதை எத்தனை பேரிடம் பார்த்துவிட்டேன்! மனசு பதைக்கத்தான் செய்யும். அவர்கள் பேசும்வரை பொறுங்கள். மரியாதையாக ஒரு தடவை கேட்டதற்காக வேலையே போனதை நான் பார்த்ததில்லை.

"பட்ஜெட் இவ்வளவுதான்" என்றால், வேரியபிளில் ஒரு பகுதியை நிலையான சம்பளத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அல்லது ஆறு மாதத்தில் சம்பளத்தை மறுபடி பார்ப்பதாக எழுதித் தரச் சொல்லுங்கள். நைட் ஷிஃப்ட் என்றால் போக வர கம்பெனி கார் (கேப்) உண்டா என்பதும் லெட்டரில் வரட்டும். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொன்னால் மட்டும் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

[திரையில்: மெயில் பெட்டி]

போனில் "ஓகே" என்று சொன்னது கணக்கில் வராது. மாற்றிய தொகையோடு புது லெட்டர் மெயிலில் வரட்டும். வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பழைய கம்பெனியில் ராஜினாமா கொடுப்பது அதற்கு அப்புறம்தான்.