ஏட்டில் இருக்கிறதா உங்கள் மனைவி பெயர்?
(வேலூரில் கொடிநாள் கூட்டத்துக்காக எழுதிய உரை)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களே, முன்னாள் படைவீரர் நல அலுவலக உதவி இயக்குநர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் கர்னல் ஐயா அவர்களே, சுபேதார் மேஜர், ஹவில்தார் பெருமக்களே, பந்தலும் டீயும் ஏற்பாடு செய்த சங்கத்துப் பொருளாளர் அவர்களே, எல்லோருக்கும் மேலாக இந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் வீரத் தாய்மார்களே, வணக்கம்.

படைவீரர் நலனுக்கு நிதி திரட்டும் கொடிநாள், 1949 முதல் டிசம்பர் 7. மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: வீரர்களுக்குச் செய்யும் மரியாதை, பிள்ளைகளின் படிப்பு உதவி, குடும்ப ஓய்வூதியம். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறேன்.

நடுகல் நட்டு வீரனைக் கும்பிட்ட மண் இது. கார்கில் போரில் 1999 மே மாதம் பட்டாலிக் பகுதியில் உயிர்விட்ட மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவிடம் இருக்கிறது. கல்லில் பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் பொறிக்கிறோம். உயிரோடு இருக்கிற மனைவியின் பெயர் ஆவணத்தில் எப்படி இருக்கிறது? ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பார்கள். பென்ஷன் விஷயத்தில் அது தலைகீழ். ஏட்டில் இருந்தால்தான் கறியே!

ஒரு சிப்பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் முடித்து லீவு தீர்ந்து யூனிட்டுக்குப் போகிறார். வடக்கத்திக் கிளார்க், மனைவி பெயர் என்ன என்கிறார். புது மாப்பிள்ளைக்கு வெட்கம். வீட்டில் கூப்பிடுகிற பெயரே வாயில் வருகிறது: சின்னப்பொண்ணு. கிளார்க் காதில் விழுந்தது ‘சின்னா போனு’. அதுவே யூனிட் பதிவான பார்ட் டூ ஆர்டரில் ஏறி, படைவீரர் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸ் போய், ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.விலும் உட்கார்ந்துகொண்டது. ஆதாரிலோ அந்த அம்மா மகாலட்சுமி. இனிஷியல் அப்பா பெயருக்கு. வங்கியில் அதே மகாலட்சுமி, இனிஷியல் புருஷன் பெயருக்கு. நாற்பது வருஷம் கழித்துக் கணவர் கண்ணை மூடுகிறார். யாரம்மா சின்னா போனு என்கிறது அலுவலகம். நான்தான் என்கிறாள். சாட்சி? அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட ஒரே மனுஷன் போய்விட்டாரே ஐயா! இனி வாரிசுச் சான்று, இரண்டு பெயரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம், தாலுகா ஆபீஸ் படிக்கட்டு. அதுவரை மருமகன் வீட்டுச் சோறு.

அவர் இருக்கும்போதே செய்திருந்தால் இது சின்ன வேலை. படையிலிருந்து விலகும்போது தந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பி.பி.ஓ.வையும் எடுத்து ஆதாருக்குப் பக்கத்தில் வையுங்கள். மனைவி பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் எழுத்துக்கு எழுத்து பாருங்கள். மாறியிருந்தால் உங்கள் கையெழுத்திட்ட விண்ணப்பம், திருமணச் சான்று, இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ, ஆதார் நகல் இவற்றோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ரெக்கார்டு ஆபீசுக்கு அனுப்புங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர்களுக்கு அது வெலிங்டன். அங்கே திருத்தம் ஏறிய பிறகு பிரயாக்ராஜில் இருக்கும் பாதுகாப்புத் துறை ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து திருத்திய பி.பி.ஓ. வரும். ராணுவ ஓய்வூதிய இணையதளமான ஸ்பர்ஷில் நுழைந்து அது ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கடவுச்சொல் பேரனிடம் இருந்தால் பேரனையும் கூட்டி வாருங்கள்! மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் அந்தப் பெயரையும் விடாதீர்கள். தகுதி இருந்தால் பெற்றோருக்குப் பின் ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு.

தொகையும் தெரிந்திருக்கட்டும். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். பணியின் காரணமாக ஏற்பட்ட மரணத்துக்கு 60. போரில் இறந்தால் முழுச் சம்பளம். ஏட்டுச் சுரைக்காய் என்று யாரும் சொல்ல முடியாத தொகை.

இன்னொன்று, கசப்பானது. கணவர் போன பிறகும் மாசாமாசம் பென்ஷன் கணக்கில் விழும். ஏ.டி.எம். அட்டை வீட்டில் இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். அது பின்னால் பிடித்தமாக வரும். இறப்புச் சான்று கைக்கு வந்ததும் ஸ்பர்ஷிலும் வங்கியிலும் தெரிவியுங்கள். கணக்கு முதலிலேயே இருவர் பெயரிலும் இருந்தால் நல்லது.

மரியாதை பற்றியும் படிப்பு உதவி பற்றியும் பேச நேரம் இல்லை. கர்னல் ஐயா பேசுவார். நான் கேட்பது ஒன்றுதான். ராணுவக்காரர்கள் நிறைந்த கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் தொடங்கி ஒவ்வொரு ஊரிலும் ஒருநாள் பெயர் சரிபார்ப்பு முகாம் வேண்டும். பொன்னாடைக்கு ஆகும் செலவில் ஜெராக்ஸ் மெஷினே வாடகைக்கு எடுக்கலாம். ஆட்சித் தலைவர் சிரிக்கிறார், சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மேடைக்கு இடப்பக்கம் மேசை போட்டிருக்கிறது. டிஸ்சார்ஜ் புத்தகம் கொண்டு வந்தவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் அங்கே வந்துவிடுங்கள். வீட்டம்மாவையும் அழைத்து வாருங்கள், பெயரை அவர்களே சொல்லட்டும்.