பாஸ்கர்வில்லின் எழுத்து

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கில எழுத்துகளின் முனைகளில் சின்னச் சின்ன நீட்டல்கள் இருக்குமே, அவற்றைச் செரிஃப் என்பார்கள். செரிஃப் உள்ள எழுத்துருக்களில் எனக்கு மிகவும் பிடித்தது பாஸ்கர்வில்.

ஜான் பாஸ்கர்வில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் வாழ்ந்தவர். கையெழுத்துப் பயிற்சி கொடுத்தார், கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டினார். அப்புறம் தட்டு, பெட்டிகளுக்குப் பளபளவென மெருகு பூசி விற்றுப் பெரும் பணம் சேர்த்தார். அந்தப் பணத்தை 1750 வாக்கில் அச்சுத் தொழிலில் கொட்டினார். முதல் புத்தகமான, ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகள் வெளிவந்ததோ 1757-இல்தான்.

ஏன் இவ்வளவு தாமதம்? அவர் விரும்பிய மெல்லிய கோடுகள் அன்றைய சொரசொரப்பான தாளில் சரியாகப் பதியாது. அதனால் மையையும் தானே தயாரித்தார், அச்சு இயந்திரத்தையும் திருத்தினார். அச்சான தாள்களைச் சூடான செப்புத் தகடுகளுக்கு நடுவே அழுத்தி வழவழப்பாக்கினார். எஃகில் எழுத்துகளை வெட்டிக் கொடுத்தவர் ஜான் ஹேண்டி. அவர் பெயரை அதிகம் பேர் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

சிறிய ‘ஜி’ எழுத்தைப் பாருங்கள்: கீழ்வளையம் மூடாமல் திறந்திருக்கும். பெரிய ‘க்யூ’வின் வால் தாராளமாக வீசியிருக்கும். பேனா பிடித்துப் பழகிய கை அங்கே தெரிகிறது.

ஆனால் அன்று பலர் இதை ஏற்கவில்லை. இந்த எழுத்து கண்ணைக் கெடுத்துவிடும் என்று ஒருவர் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடமே சொன்னார். ஃபிராங்க்ளினும் அச்சுத் தொழில் தெரிந்தவர். அவர் உள்ளே போய், எல்லாருக்கும் பழக்கமான காஸ்லான் எழுத்தின் மாதிரித்தாளை எடுத்தார். பெயர் இருந்த மேல்பகுதியைக் கிழித்துவிட்டு, “இது பாஸ்கர்வில்லின் எழுத்து” என்று நீட்டினார். வந்தவர் அதில் வரிசையாகக் குறை கண்டுபிடித்தார், படித்தாலே கண் வலிக்கிறது என்றார்! இதை 1760-இல் ஃபிராங்க்ளினே பாஸ்கர்வில்லுக்குக் கடிதமாக எழுதினார். எழுத்தில் இல்லாத குறையைப் பெயரில் கண்டார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

1775-இல் பாஸ்கர்வில் இறந்தபின், மனைவி சாரா அச்செழுத்துகளைப் பிரான்சின் நாடக ஆசிரியர் போமார்ஷேவுக்கு விற்றார். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரின் நூல்கள் அவற்றில் அச்சாயின. இங்கிலாந்து ஏறக்குறைய மறந்தே போனது. 1920-களில் மோனோடைப் நிறுவனம் அந்த எழுத்துக்கு மறுபிறப்புக் கொடுத்தது. 1953-இல் அசல் எஃகு அச்சுகளைப் பிரெஞ்சு நிறுவனமான டெபெர்னி பெஞோ, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்துக்கு அன்பளிப்பாகவே கொடுத்துவிட்டது. 1763-இல் பாஸ்கர்வில் தன் புகழ்பெற்ற பைபிளை அச்சிட்டுக் கொடுத்ததும் அதே பல்கலைக்கழகத்துக்குத்தான்.